மண்வெட்டி பிடிக்க மட்டும் ஆள் இல்லையா?

"பைதான் இலவசம்! யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்!" என்று கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளிகள் தாராள மனசோடு பேசுகிறார்கள். நாம் கேட்கிறோம்: இலவசமாகக் கொடுத்தது யார்? இவர்களா?

பைதான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. ஆம்ஸ்டர்டாமில் பொதுப்பணத்தில் நடக்கும் கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராஸம் 1991-ல் அதை வெளியிட்டார். பிறகு பல நாட்டு உழைப்பாளிகள் சேர்ந்து வளர்த்தார்கள். இன்று பாங்கிலும் ஆராய்ச்சிக்கூடத்திலும் செயற்கை அறிவு யந்திரத்திலும் அது ஓடுகிறது.

ஓடும் யந்திரத்துக்கு எண்ணெய் போடாவிட்டால் என்ன ஆகும் என்று மில் தொழிலாளிக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். பழுது வந்துகொண்டே இருக்கும்; திருடன் நுழையும் ஓட்டை தெரியும்; அடைக்கவேண்டும். விளக்கப் புத்தகத்தையும் கூடவே திருத்தவேண்டும். யந்திரம் மாறிப் புத்தகம் மாறாவிட்டால், அதை நம்பிக் கைவைத்தவன் கதி என்ன?

அந்தப் புத்தகத்தைத் தயாரிக்கவே 'ஸ்பிங்க்ஸ்' என்றொரு கருவி. ஜார்ஜ் பிராண்டல் என்ற ஜெர்மானியர் பைதான் புத்தகத்துக்காகச் செய்து 2008-ல் வெளியிட்டது. லினக்ஸ் என்னும் மற்றொரு பொது மென்பொருளின் விளக்கமும் 2016 முதல் இதில்தான் தயாராகிறது. இதைப் பராமரிப்பவர்களோ சம்பளம் வாங்காத தொண்டர்கள்!

வாய்க்காலில் குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். தலைமடையில் நூறு வேலி வைத்திருக்கும் மிராசுதார், ஆளே அனுப்பாமல் தண்ணீரை மட்டும் பாய்ச்சிக்கொண்டால் ஊர் சும்மா விடுமா?

"நாங்களும் ஆள் அனுப்பினோமே!" என்பார்கள். அனுப்பினார்கள். பிறகு? 2024 ஏப்ரலில் கூகிள், அமெரிக்காவிலிருந்த தன் பைதான் குழுவை வீட்டுக்கு அனுப்பியது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,000 பேரை ஆட்குறைப்புச் செய்தது. பைதானின் வேகத்தைக் கூட்டப் பாடுபட்ட நிபுணர்களும் அதில் அடக்கம். நஷ்டமா? 2025 ஜூனோடு முடிந்த வருஷத்தில் அக்கம்பெனியின் நிகர லாபம் 10,000 கோடி டாலருக்கு மேல்!

"பிரியப்பட்டுத்தானே செய்கிறார்கள்?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். பிரியம் உண்டு, மறுக்கவில்லை. தாய் பிரியத்தோடு சமைக்கிறாள் என்பதற்காக வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடவேண்டாமா? "நன்கொடை கொடுக்கிறோம்" என்கிறார்கள். நன்கொடை மனம் வந்தால் வரும், மனம் மாறினால் நிற்கும். கூலி அப்படியல்ல, கூலி உரிமை!

பைதானைப் பூட்டி விலைக்கு விற்கச் சொல்லவில்லை. பொதுச்சொத்து பொதுச்சொத்தாகவே இருக்கட்டும். 2019 முதல் அதை நடத்துவது, அதை உருவாக்குவோர் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் 5 பேர் கமிட்டி. ஒரே கம்பெனியின் ஆட்கள் 2 பேருக்கு மேல் அதில் உட்காரக்கூடாது என்பது விதி. நல்ல விதி! அதேபோல், லாபம் எடுக்கும் கம்பெனி ஒவ்வொன்றும் லாபத்துக்கேற்ற பங்கை வருஷந்தோறும் பொதுநிதியில் கட்டவேண்டும் என்றும் விதி வேண்டும். பழுது பார்ப்பவருக்கும் புத்தகம் திருத்துபவருக்கும் அதிலிருந்து கூலி கிடைக்கவேண்டும்.

உழைத்தவனுக்குக் கூலி, தண்ணீர் பாய்ச்சுகிறவன் கையில் மண்வெட்டி. இதுதான் ஊர் நியாயம். கம்பெனிக்கு மட்டும் வேறு நியாயம் உண்டா?