எல்.இ.டி. பல்பு: அப்கிரேடா, அவஸ்தையா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைக் ஹெட்லைட்டைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே அறிமுகமாகும் சொல் 'அப்கிரேட்'. ராம் கூட்டலாம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம், கிராபிக்ஸ் கார்டு செருகலாம் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதே சொல் இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் புழங்குகிறது. "சார், ஹாலோஜனை எடுத்துட்டு எல்.இ.டி. போட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை. அப்கிரேட் பண்ணிக்குங்க" என்கிறார்கள்.

நான் திருச்சி கே.கே. நகரில் குடியிருக்கிறேன். இரவில் உழவர் சந்தைப் பக்கம் போனாலும் சரி, புதுக்கோட்டை சாலையில் விமான நிலையத்தைத் தாண்டிப் போனாலும் சரி, எதிரே வரும் பைக்குகளில் பல நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கின்றன. டிம் போட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் கண் கூசுகிறது. ஏன்? இதைப் புரிந்துகொண்டால் கம்ப்யூட்டர் அப்கிரேட் பற்றியும் ஒரு பாடம் கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. மிக நல்ல தொழில்நுட்பம். ஆனால் ஹாலோஜனுக்காகச் செய்யப்பட்ட டூமில் பல்பை மட்டும் மாற்றிச் செருகுவது அப்கிரேட் ஆகாது.

சாக்கெட் பொருந்தினால் போதுமா?

உங்கள் மதர்போர்டில் இருக்கும் சாக்கெட்டில் ஒரு புதிய பிராசசர் சரியாக உட்காரும். பின்கள் எல்லாம் பொருந்தும். ஆனால் மதர்போர்டின் பயாஸ் அந்தப் பிராசசரை ஏற்காவிட்டால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. ஹெட்லைட்டிலும் இதே கதைதான். ஒரு வித்தியாசம், இங்கே 'பூட்' ஆகிவிடும். அதனால் தவறு நம் கண்ணுக்குத் தெரியாது.

நம் ஊர் பைக்குகளில் அதிகம் காணப்படும் ஹாலோஜன் பல்பு எச்.எஸ்.1 என்ற வகை. 35/35 வாட்ஸ். இதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று பிரைட்டுக்கு, மற்றது டிம்முக்கு. டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, அது சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் கண் தப்பிக்கிறது.

ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் இந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கமும் தட்டையான சிப்கள் ஒட்டப்பட்டிருக்கும். தகட்டுக்குத் தடிமன் உண்டு; சிப்புக்கு அகலம் உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் வெளிச்சம் போக வேண்டிய இடத்தை விட்டு மேலே சிதறும். சிப்கள் இடமும் வலமும் பார்க்காமல் மேலும் கீழும் பார்க்கும்படி பல்பைத் திருப்பி மாட்டிவிட்டால் இன்னும் மோசம்.

ஜெர்மனியில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். ஹாலோஜனுக்குப் பதிலாகப் போடும் எல்.இ.டி. பல்புக்கு அங்கே முதன்முதலாகச் சாலை அனுமதி கிடைத்தது 2020-ல்தான். ஓஸ்ராம் நிறுவனத்தின் பல்பு அது. அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல. சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும். நல்ல பல்பாக இருந்தாலும், எந்த வண்டியின் டூமில் போடுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள்.

அட்டையில் இருக்கும் எண்கள்

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அட்டையில் ஒரு காலத்தில் '3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருப்பார்கள். சுவர் பிளக்கில் சில வாட்ஸ் எடுக்கும் ஸ்பீக்கர் எப்படி 3000 வாட்ஸ் தரும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று எல்.இ.டி. பல்பு அட்டைகளில் '20,000 லூமன்' என்று பார்க்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லூமன் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு. இந்த வகை எல்.இ.டி. பல்புகள் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 வாட்ஸ் பல்பு 1,800 லூமன் தரலாம். 20,000 வேண்டுமானால் 200 வாட்ஸ் வேண்டும். பைக்கில் அதற்கு வழியில்லை.

எச்.எஸ்.1 ஹாலோஜன் பல்புக்கான சர்வதேச அளவு பிரைட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன். எனவே நல்ல எல்.இ.டி. பல்பு இதைவிட அதிக வெளிச்சம் தரும் என்பது உண்மைதான். பாதி மின்சாரத்தில் இரண்டு மடங்கு வெளிச்சம் என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்த வெளிச்சம் சாலையில் விழுகிறதா, எதிராளியின் முகத்தில் விழுகிறதா என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை.

நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மானிட்டரின் பின்னால் எரிவதும் பெரும்பாலும் இதே வகைதான். ஹாலோஜன் வெளிச்சம் சுமார் 3,200 கெல்வின், மஞ்சள் சாயல். கடைகளில் விற்கும் எல்.இ.டி. பல்புகள் பல 6,000 கெல்வினும் அதற்கு மேலும். மானிட்டர் மெனுவில் 'வார்ம்', 'கூல்' என்று மாற்றிப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தியாசம். நீலம் கூடினால் அதே அளவு வெளிச்சத்திலும் கண் கூச்சம் அதிகமாகத் தெரியும்.

கரண்ட்டும் சூடும்

எல்.இ.டி. பல்பு 12 வோல்ட் டி.சி.யில் இயங்குவது. ஆனால் பழைய 100 சி.சி. பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏ.சி. கரண்ட் வருகிறது. ஹாலோஜன் இழைக்கு எந்தக் கரண்ட்டாக இருந்தாலும் கவலையில்லை. எல்.இ.டி. துடிக்கும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் சீக்கிரம் போய்விடும். என்ஜின் ஓடும்போது மட்டும் விளக்கு எரிந்து, ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் கூடினால் உங்கள் வண்டி பெரும்பாலும் இந்த ரகம்தான். 2017 ஏப்ரல் முதல் புதிய பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. எனவே சுவிட்ச் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

அடுத்தது சூடு. ஹாலோஜன் தன் சூட்டை முன்பக்கமாக வெளிச்சத்தோடு சேர்த்து அனுப்பிவிடும். எல்.இ.டி. சிப்பின் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். உங்கள் பிராசசரின் மேல் இருக்கும் அதே ஹீட் சிங்க், ஃபேன் ஏற்பாடு இங்கேயும் உண்டு. சி.பி.யு. ஃபேனில் தூசு அடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பைக்கில் தூசோடு மழைத் தண்ணீரும் சேருகிறது. ஃபேன் பெரிதாக இருக்கிறதென்று பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை வெட்டிவிட்டால் ஈரம் டூமுக்குள் போய் ரிஃப்ளெக்டரே கெட்டுவிடும்.

என் வெளிச்சம், உன் இருட்டு

"எங்கள் ஊர்ச் சாலையில் தெருவிளக்கே இல்லை. ஹாலோஜன் போதவில்லை" என்று சொல்பவர்களின் கஷ்டம் நியாயமானது. பாதி வழி பள்ளம், மீதி வழி மாடு என்று வீடு திரும்புகிறவரிடம் வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் இங்கேதான் கம்ப்யூட்டருக்கும் பைக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருகிறது. நீங்கள் தவறான ராம் போட்டால் உங்கள் கம்ப்யூட்டர்தான் ஹாங் ஆகும். தவறான பல்பு போட்டால் எதிரே வருபவர்தான் தடுமாறுவார். சித்திரைத் தேர் சமயத்தில் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் சாலையோரம் நடக்கிறார்கள். கண் கூசிய நிலையில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சில விநாடிகள் எதுவும் தெரியாது. அந்தச் சில விநாடிகளில் அவர் முன்னால் நடந்துகொண்டிருப்பது யாராகவும் இருக்கலாம். பல்பு போட்டவர் அதைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுவார்.

சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106, முன் விளக்கின் ஒளி பிறர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் இருப்பதைச் சரிபாருங்கள். ஹாலோஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த கனெக்டர், தேய்ந்த சுவிட்ச், மெலிந்த ஒயர் இவைதான் பல வண்டிகளில் திருடர்கள். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிஃப்ளெக்டர் வெளுத்திருந்தால் டூமையே மாற்றுங்கள். பல்பைப் பொறுத்தவரை இதெல்லாம் டிரைவர் அப்டேட் செய்வது போல; செலவு குறைவு, பலன் அதிகம்.

உங்கள் மாடலுக்குப் பொருந்தும் முழு எல்.இ.டி. ஹெட்லைட் யூனிட்டை வண்டிக் கம்பெனியே கொடுத்தால் தாராளமாகப் போடுங்கள். அதுதான் உண்மையான அப்கிரேட். அங்கே சிப்புக்கு ஏற்றபடி ரிஃப்ளெக்டரும் லென்ஸும் செய்யப்பட்டிருக்கும்.

எதைப் போட்டாலும் சுவர் சோதனை செய்யுங்கள். எங்கள் தெருவில் மூன்று பைக்குகளை ஒரு காம்பவுண்ட் சுவருக்கு எதிரே ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஆள் உட்கார்ந்த நிலையில் பார்த்தோம். ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஹாலோஜன் வண்டியின் டிம் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே நின்றது. கம்பெனி எல்.இ.டி. வண்டியிலும் அப்படியே. பல்பை மட்டும் மாற்றிய வண்டியின் வெளிச்சம் கோட்டைத் தாண்டி மாடி ஜன்னல் வரை ஏறியது. அந்த வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரமே பழைய பல்பைத் திரும்பப் போட்டுவிட்டார்.

எனவே அடுத்த முறை கடையில் எல்.இ.டி. பல்பை நீட்டினால் லூமன் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "மாட்டி, எதிர்ச் சுவரில் டிம் அடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கோட்டுக்குக் கீழே நின்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மேலே ஏறினால் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.