இலவசமும் உரிமையும்

"தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. விடுதியில் கணினியைப் பற்றியோ காணொளியைப் பற்றியோ பேச்செழும் போதெல்லாம் நண்பர்கள் என்மீது வீசும் கணை இதுதான். காசின்றிக் கிடைப்பதில் குற்றம் காண்பானேன் என்பது அவர்தம் வாதம். பல்லைப் பார்க்க வேண்டாம், ஒப்புகிறேன். ஆனால், அம் மாட்டின் மூக்கணாங்கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

சென்ற ஆண்டு என் மடிக்கணினி மூப்படைந்தது. புதிய இயங்குதளத்தை ஏற்க அதற்குத் தகுதி இல்லை. பழைய தளத்திற்கோ இனிப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். வேறொன்று வாங்கித் தருமாறு ஊரிலுள்ள தந்தையாரைக் கேட்க நாக் கூசிற்று. மூத்த மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அதில் லினக்ஸை நிறுவித் தந்தார். இக் கட்டுரையை அதே கணினியில்தான் எழுதுகிறேன். திரையில் காணும் சொற்களும் தமிழாகவே உள்ளன.

இஃது எவர் தந்த கொடை? 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவர்க்கும் உரிமையான ஓர் இயங்குதளத்தை ஆக்கப் போவதாக அறிவித்தார். 1991-இல் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினசு டோர்வால்ட்சு, தம் 21-ஆம் வயதில், அத்தகைய தளத்திற்கு வேண்டிய உட்கருவை எழுதி வெளியிட்டார். இவ்வகை மென்பொருளை விரும்பியவாறு இயக்கலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தமையாலன்றோ, எவரிடமும் விண்ணப்பித்துக் காத்துக் கிடவாமல், ஆர்வமுள்ள தமிழர் சிலர் கேடிஇ, க்னோம் ஆகிய திரைகளைத் தமிழாக்கித் தர முடிந்தது!

குறையே இல்லையா? உண்டு. ஆட்டோகேடு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. பொறியியல் பயிலும் தோழர்களின் முறையீடு நியாயமானதே. நான் எழுதி அனுப்பிய ஆய்வறிக்கையின் அட்டவணைகள், பேராசிரியரின் கணினியில் இடம் மாறிக் கிடந்து என்னைத் தலைகுனிய வைத்ததும் உண்டு. எனினும், குறையைத் திருத்தும் உரிமை நம்மிடம் இருப்பது வேறு. திருத்துவாரை எதிர்பார்த்துக் கிடப்பது வேறு.

இனிக் காணொளிக்கு வருவோம். 2005-இல் தோன்றிய யூடியூபை அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி டாலருக்கு வாங்கிற்று. வாங்கியது வணிகத்திற்காக; அதிலே பிழையில்லை. அங்கே இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்பிடெல் பாடங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தேர்வுக்கு முந்தின இரவில் அவற்றால் கரையேறியவர்களுள் யானும் ஒருவன். ஆயின், பாடம் முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது, அதற்கடுத்தது நகைச்சுவை, அதற்கடுத்தது திரைப்பாடல். ஒரு மணி நேரம் படிக்க உட்கார்ந்தவன் சேவல் கூவும்போது எழுகிறான். பணம் கொடுக்கவில்லை, உண்மை. இரவைக் கொடுத்துவிட்டான்!

நம் மன்றத்தின் கதையையும் எண்ணிப் பாருங்கள். பொங்கல் விழா நாடகத்தைப் படம் பிடித்து ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினோம். இடத்தை அடைக்கிறதென்று மூலப் பதிவை அழித்தோம். நாடகத்தில் ஒலித்த ஒரு திரைப்பாடலின் உரிமை காரணமாகப் பதிவு நீக்கப்பட்டது. நடித்தவர்களோ படிப்பு முடிந்து நான்கு திசைக்கும் போய்விட்டார்கள். தளத்தை நோவானேன்? அயலார் திண்ணையில் பெட்டியை வைத்துவிட்டு வந்தவர்கள் நாம் அல்லவா?

மாணவரால் என்ன ஆகும் என்று கேட்பாரும் உளர். இன்று உலகெங்கும் படம் பார்க்கப் பயன்படும் விஎல்சி, 1996-இல் பாரிசு நகரை அடுத்த ஒரு பொறியியற் கல்லூரியின் மாணவர்கள், தம் விடுதி வலையமைப்பில் காணொளி காணத் தொடங்கிய முயற்சியின் கனி. 2001-இல் அதனைக் கட்டற்ற மென்பொருளாக உலகிற்கு வழங்கினர். அவர்களும் நம்மைப் போல் விடுதிச் சோறு உண்டவர்களே!

ஆகவே மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் மூன்று. பருவத்திற்கு ஒரு சனிக்கிழமை மாலை, பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தருவோம். விழாப் பதிவுகளை எத் தளத்தில் ஏற்றினாலும், மூலத்தை இரண்டு வட்டுகளில் நம்மிடமே காப்போம். நமக்கு உரிமையான பதிவுகளை எவரும் எடுத்து வழங்கலாம் என்னும் அனுமதியோடு வெளியிடுவோம். காணொளியை வெறுக்கச் சொல்லவில்லை, தோழர்களே. நானும் இன்றிரவு பார்க்கத்தான் போகிறேன். கயிற்றின் ஒரு முனையாவது நம் கையில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவே.