வெறுமையை நோக்கிய பத்து நாள்

கல்வியின் பயனை அதனால் வரும் ஊதியங்கொண்டே அளக்கும் வழக்கம் இந்நாளில் மிக்கு வருகின்றது. ஒரு துறையைப் பயிலப் புகுவானை நோக்கி, "இதனால் வருவது யாது?" என முதற்கண் வினவுகின்றனர். ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டுவோரை நோக்கியும், "முடிவு யாதாகும் என இப்பொழுதே கூறுக" என்கின்றனர். இவ்வினா முறையற்றதன்று, பொதுமக்கள் பொருளைச் செலவிடுவோர் கணக்குக் காட்டுதல் கடனேயாம். ஆயினும், முடிவு முன்னரே தெரிந்த ஆராய்ச்சிக்கன்றி வேறொன்றிற்கும் இடந்தாரோம் என்னும் நிலை வருமாயின், அறிவு வளருமாறு எங்ஙனம்? அண்மைக்கால வானநூல் வரலாற்றிலுள்ள ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க விடை பகர்கின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விண்மீன்கள் மினுக்குதல் அவற்றின் இயல்பன்று. நம் தலைமேற் கவிந்துள்ள காற்றின் அசைவே அதற்குக் காரணம். ஓடும் நீரின் அடியிற் கிடக்கும் கூழாங்கல் நெளிந்து தோன்றுமாறு போல, காற்றினூடு காணப்படும் விண்மீனும் கலங்கித் தோன்றுகின்றது. அன்றியும், புற ஊதாக் கதிர்களிலும் அகச்சிவப்புக் கதிர்களிலும் பெரும்பகுதியைக் காற்று தானே விழுங்கிவிடுகின்றது. ஆதலின், தொலைநோக்கியைக் காற்றுக்கு மேலே நிறுவுதல் நலம் என லைமன் ஸ்பிட்சர் என்னும் அமெரிக்க அறிஞர் 1946-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். செயற்கைத் துணைக்கோள் ஒன்றேனும் விண்ணிற் செல்லாத காலம் அது. அவர்தம் கருத்து 1990 ஏப்ரல் 24-ஆம் நாள் நிறைவேறிற்று. 2.4 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அத்தொலைநோக்கிக்கு, நம் பால்வீதிக்கு அப்பாலும் விண்மீன் பேரண்டங்கள் உள என நிலைநாட்டிய எட்வின் ஹப்பிளின் பெயரையே இட்டனர்.

தொடக்கத்திலேயே ஓர் இடையூறு நேர்ந்தது. ஆடியின் விளிம்பு மயிரிழையின் ஐம்பதில் ஒரு பங்களவு கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தமையால் படங்கள் மங்கின. உலகம் நகைத்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, ஐந்து முறை கலத்திற்கு வெளியே நின்று உழைத்துக் குறையைத் தீர்த்தனர். இவ்விகழ்ச்சி நீங்கி ஈராண்டே சென்ற காலத்தில்தான் யாம் கூறக் கருதிய நிகழ்ச்சி நடந்தது.

ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு வானை நோக்க விழைவோர் மிகப் பலர். அதற்குரிய பொழுதோ சிறிது. அறிஞர்கள் தத்தம் நோக்கத்தை எழுதி விண்ணப்பஞ் செய்வர்; குழுவினர் அவற்றைச் சீர்தூக்கித் தக்கார்க்குப் பொழுது வகுப்பர். இதுவன்றி, மொத்தப் பொழுதிற் பத்தில் ஒரு பங்கு வரை தலைவர் தம் விருப்பின்படி செலவிடலாம் என்பதும் ஒரு விதி. பால்ட்டிமோர் நகரத்து விண்வெளித் தொலைநோக்கி அறிவியற் கழகத்தின் தலைவராயிருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பார், 1995-ஆம் ஆண்டில் அவ்வுரிமையைக் கொண்டு தொடர்ந்து பத்து நாள் ஒதுக்கினார். எதனை நோக்குதற்கு? ஒன்றுமில்லாத ஓரிடத்தை நோக்குதற்கே!

சப்தரிஷி மண்டலம் என நாம் வழங்கும் மீன்தொகுதியின் பக்கலில் ஒரு சிற்றிடத்தைத் தெரிந்தெடுத்தனர். வானமுழுதையும் 2 கோடியே 40 இலட்சம் கூறாக்கின் அவற்றுள் ஒரு கூறே அது. அண்மையிலுள்ள விண்மீன்கள் இடையில் நின்று மறையாத இடம் என்பதே அதன் சிறப்பு. இத்துணைப் பொழுதை இவ்வாறு செலவிடுதல் தகாது எனக் கருதியோரும் இருந்தனர். அவர் அறியாதாரல்லர். இத்தொலைநோக்கி உருவாதற்கே பெரிதும் உழைத்த ஜான் பாக்கால் என்னும் அறிஞரும் வேறிருவரும், மிக நெடும்பொழுது நோக்கினும் புதுவகை அண்டங்கள் திரளாகப் புலப்படும் என எதிர்பார்த்தற்கில்லை என 1990-லேயே கணித்து எழுதியிருந்தனர்.

1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, 342 முறை அவ்விடத்தைப் படம் பிடித்தனர். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து நோக்கியபோது, வெறுமை எனக் கருதிய அவ்விடத்தே ஏறத்தாழ 3,000 அண்டங்கள் விளங்கின. ஒவ்வோரண்டமும் கோடிக்கணக்கான விண்மீன்களின் திரள். ஒளி வந்துசேரக் காலஞ் செல்லுமாதலின், தொலைவில் உள்ளனவற்றை அவற்றின் இளமைக்கோலத்திலேயே காண்கின்றோம். ஆகவே அப்படம் ஓரிடத்தின் தோற்றம் மட்டுமன்று. அண்டங்களின் நெடிய வரலாறும் ஆயிற்று. முற்பட்ட அண்டங்கள் சிறியனவாயும் வடிவு திருந்தாதனவாயும் இருந்தமை அதனாற் புலனாயிற்று. அப்படத்தையும் பிற ஆராய்ச்சிகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தோர், விண்மீன்கள் மிக்குப் பிறந்த காலம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது என்றும், அதன்பின் அப்பிறப்பு வரவரக் குறைந்தது என்றும் கண்டனர்.

வில்லியம்ஸ் செய்த மற்றொரு செயலை யாம் இதனினும் பெரிதாக மதிக்கின்றோம். தொலைநோக்கியிற் பொழுது பெற்றவர் தாம் கண்டதைச் சில காலம் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ளுதல் வழக்கம். அவரோ, சில வாரங்களுக்குள், 1996 ஜனவரியிலேயே, எல்லாவற்றையும் உலகோர்க்குப் பொதுவாக்கினார். பொதுப் பொழுதிற் கண்டது பொதுவிற்கே உரித்து என்பது அவர் கொள்கை போலும்.

ஒரு முறை கண்ட வெற்றி பின்னும் தொடர்ந்தது. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் வேறொரு வெற்றிடத்தை நோக்கி ஏறத்தாழ 10,000 அண்டங்களைக் கண்டனர். அவ்விடத்தையே இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்கலம் 2016 அக்டோபரில் 28 மணி நேரத்திற்கு மேலாக நோக்கிற்று. அதன் புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி ஏறத்தாழ 38 சென்டிமீட்டரே. எனினும், 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரண்டத்திலிருந்து வரும் மிக்க ஆற்றலுள்ள புற ஊதாக் கதிரை, ஹப்பிள் காணாததை, அது கண்டது. கனக் சாஹா என்பார் தலைமையிற் பல நாட்டறிஞர் கூடி ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். பிறர் கண்டு பொதுவில் வைத்ததன்மேல் நம் நாட்டார் தம் பங்கைச் சேர்த்தற்கு இஃதொரு சான்று. 2021 டிசம்பர் 25-ஆம் நாள் விண்ணேறிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ 6.5 மீட்டர் ஆடியால் அகச்சிவப்புக் கதிரை ஏற்று, பிரபஞ்சத்தின் தொடக்கத்திற்குப் பின் 29 கோடி ஆண்டே கழிந்த காலத்து ஓரண்டத்தைக் காட்டியதென 2024-ல் அறிவித்தனர்.

இனி, மறுப்போர் கூற்றையும் நோக்குவாம். வெப் தொலைநோக்கிக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் செலவாயிற்று. உலகிற் பசித்தார் பலர் இருக்க இஃது அடாது என்பர். இக்கூற்றை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. விண்வெளி ஆராய்ச்சியால் இன்னின்ன கருவிகள் இடையே கிடைத்தன எனப் பட்டியல் காட்டிச் சிலர் விடை கூறுவர். யாம் அதனை உடன்படேம். கருவிகளே வேண்டுமாயின் அவற்றை நேரே தேடலாமன்றோ? பேரறிவைச் சில்லறைப் பண்டத்திற்கு ஈடாக்கிப் புகழ்தல் அதனைத் தாழ்த்துதலேயாம். அத்துணைப் பெருங்கருவியை ஆக்குதல் தகுமா என்பதை ஒவ்வொரு முறையும் மக்கள் மற்றைக் கடமைகளோடு ஒருங்கு தூக்கியே துணிதல் வேண்டும்.

ஆனால் யாம் ஈண்டு வற்புறுத்துவது அதனினும் சிறியது. 1995-ல் புதுக்கருவி ஒன்றும் ஆக்கப்படவில்லை. இருந்த கருவியின் பத்து நாட்பொழுதே செலவாயிற்று. பத்தில் ஒன்பது பங்கு கணக்குக் கேட்கும் குழுவின்கண் இருந்தது. ஒரு பங்கே கணக்கிற்கு அடங்காது நின்றது. அவ்வொரு பங்கும் இல்லாதிருப்பின், தக்கார் கணித்த கணக்கே மேலோங்கி, அவ்விடம் வெறுமையாகவே எண்ணப்பட்டிருக்கும். எனவே, கலாசாலையாயினும் அரசாயினும், தன் பொருளிலும் பொழுதிலும் ஒரு சிறு பகுதியை முடிவு தெரியாத முயற்சிக்கென வரையறுத்து வைத்தல் வேண்டும். அதனாற் கிடைத்ததை உடனே பொதுவாக்குதலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கமையின் அச்செலவை வீண் என்பார் யார்?

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எம்மையும் "இதனால் யாது பயன்?" என வினவுவார் உளர். பயனில் பழஞ்சுவடி எனப் பலர் ஒதுக்கிய ஏடுகளைத் தேடித் திரிந்த உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ல் புறநானூற்றை அச்சேற்றினார்கள் என்பதே எம் விடை. அவர்களும் கண்டதைத் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். மாணவத் தோழர்காள்! பரீட்சைக்குரிய நூல்களைப் பழுதறக் கற்போம். அது நம் கடன். படிக்கும் பத்து மணியில் ஒரு மணியையேனும், எப்பரீட்சையிலும் கேட்கப்படாத ஒன்றிற்கு ஒதுக்கி வைப்போம். அவ்வாறு அறிந்ததை நம்மளவில் அடக்கிவிடாது, இத்தகைய இதழ்களில் எளிய தமிழில் எழுதிப் பிறர்க்கும் பொதுவாக்குவோம்.