அன்னம்பட்டரும் மயிலாப்பூரும்

மயிலாப்பூர் மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. வழக்கமான வழக்கு அல்ல. சமஸ்கிருதம் யாருடைய மொழி, வந்ததா இருந்ததா என்ற பட்டிமன்றத்துக்குப் போதிய ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே நமக்கு வேலையில்லை. நம் புகார் வேறு. சமஸ்கிருதத் தத்துவ நூல்களைக் கசடறக் கற்றவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊரில் இருந்தும், அவர்கள் கற்றதில் மிகச் சிறு பகுதியே தமிழுக்கு வந்து சேர்ந்தது.

1886இல் அடையாற்றில் ஆல்காட் நூலகத்தைத் தொடங்கினார். 1906இல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். 1935இல் சென்னைப் பல்கலைக்கழகம் உலகெங்குமுள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரே பேரட்டவணை செய்யும் பணியில் இறங்கியது, வே. ராகவன் அதற்கே ஆண்டுகள் பலவற்றைக் கொடுத்தார். இவ்வுழைப்பைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. இத்தனை விளைந்த வயலிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஏன் ஒரு மரக்கால்கூட வரவில்லை என்றுதான் கேட்கிறோம்.

ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம், நியாய வைசேஷிகம் பயிலப் புகும் மாணவனின் அரிச்சுவடி. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதையும் அதற்கு அன்னம்பட்டரே எழுதிய உரையையும் தமிழாக்கினார். முனிவர் மறைந்தது 1785இல். சைவ சித்தாந்தி அவர். அன்னம்பட்டரின் கொள்கை அவருடையதன்று. ஆயினும் வாதிடத் தெரிய வேண்டுமானால் தருக்கம் தெரிய வேண்டும், அது தமிழில் தெரிய வேண்டும் என்று கருதினார் போலும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1932இல், மகாமகோபாத்தியாய குப்புசுவாமி சாஸ்திரி அதே தர்க்கசங்கிரகத்தை வைத்து இந்தியத் தருக்கத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அருமையான நூல், ஆங்கிலத்தில். மடத்துத் துறவி தமிழில் செய்ததை நகரத்துப் பேராசிரியர் ஆங்கிலத்தில் செய்தார். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்றால் நமக்கு அகராதி மாற வேண்டும்.

இதைவிட வேடிக்கை மணிமேகலைச் சர்ச்சை. இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள் என்று ஒவ்வொன்றாக. வடமொழி நியாயப்பிரவேசத்தோடு இப்பகுதிக்கு உள்ள ஒற்றுமை வியப்பானது. யார் யாரிடம் பெற்றார் என்று குப்புசுவாமி சாஸ்திரி 1927இல் எழுதினார், எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வேறு பக்கம் நின்று ஒரு புத்தகமே எழுதினார், எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியும் கலந்துகொண்டார். தமிழ்க் காப்பியத்தைப் பற்றி, தமிழ் பேசும் மூவர், சென்னையில் நடத்திய விவாதம் ஆங்கிலத்தில் நடந்தது.

அன்று பல்கலைக்கழகத்தின் மொழி ஆங்கிலம், ஐரோப்பிய அறிஞரோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது என்பார்கள். நியாயமான சமாதானம்தான். ஆனால் 1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தம் விளங்காமல் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்து, அத்தெளிவைத் தமிழ் உரைநடையாகவே நூலோடு சேர்த்தாரே. வழி திறந்துதான் இருந்தது. அதில் நடந்தவர்கள்தாம் குறைவு.

எதிர்முகாமுக்கும் நாம் நற்சான்று தருவதாக இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையும் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் வகுப்பறையில் விரிவாக நடக்கும். சமயக்கணக்கர் காதையும் அளவைப் பகுதியும் வந்தால் பக்கங்கள் தாமாகப் புரளும். ‘வடவர் சரக்கு’ என்று ஒதுக்குவது படிக்காமலிருக்க ஒரு கௌரவமான காரணம். அருணந்தி சிவம் சித்தியாரில் சுபக்கத்துக்கு முன் பரபக்கம் வைத்தார். நீலகேசி பௌத்தரையும் சாங்கியரையும் வேதவாதியையும் பூதவாதியையும் நேரில் சந்தித்து வாதிட்டாள். எதிராளியின் கட்சியை முதலில் முழுமையாகச் சொல்வது இரு மொழிகளுக்கும் பொதுவான ஒழுக்கமாக இருந்தது. இன்று சபாவில் “நம் முன்னோர் அன்றே சொன்னார்” என்பவருக்கும் மேடையில் “எல்லாம் புரட்டு” என்பவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவருக்கும் பூர்வபட்சம் தெரியாது.

சிற்றிதழ்க்காரர்களாகிய நாம்? சசூரையும் தெரிதாவையும் முட்டி மோதித் தமிழாக்கினோம், அதில் வெட்கமில்லை. ஆனால் ஒரு சொல்லின் பொருள் மற்றவற்றின் விலக்கலே என்ற அபோகக் கொள்கையைச் சொன்ன திக்நாகர், மரபுச் செய்திப்படி, காஞ்சிக்கு அருகே பிறந்தவர். குறிப்பான், குறிப்பீடு என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம் அவரைத் தேடிப் போனதில்லை. மயிலாப்பூர் தரவில்லை என்பது உண்மை. நாம் கதவைத் தட்டவில்லை என்பதும் உண்மை.

ஆகவே ஒரு வேண்டுகோள், மானியமும் மாநாடும் தேவைப்படாத அளவில். நியாயப்பிரவேசம் மிகச் சிறிய நூல். 1930இலேயே பரோடாவில் மூலம் அச்சாகிவிட்டது. நியாயம் முறையாகக் கற்ற ஒருவரும் மணிமேகலையை வரிவரியாக வாசித்த ஒருவரும் வாரம் ஒரு மாலை ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் எங்காவது அமர்ந்தால் போதும். இடப்பக்கம் சங்கரசுவாமியின் மூலம், வலப்பக்கம் சாத்தனாரின் காதை, கீழே தமிழில் விளக்கம். கலைச்சொல்லுக்கு அலைய வேண்டாம். சாத்தனாரும் சிவஞான முனிவரும் அவற்றை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். தட்டச்சும் மெய்ப்பும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.