செல்லாக் காசு

பிரிட்டிஷ் ஜனங்கள் மந்திரிகளின் வாக்கை நம்புவதில்லையென்று லண்டன் அரசியல்வாதிகள் அங்கலாய்க்கிறார்கள். அவநம்பிக்கையை விதைத்தவர்கள் யார்?

ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று 2016 ஜூன் 23-ல் ஜனவாக்கெடுப்பு நடந்தது. விலகல் கட்சியார், வாரந்தோறும் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறதென்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராய் ஓட்டினர். பிரிட்டனுக்குக் கழிவாகக் கிடைத்துவந்த பெருந்தொகையை மறைத்த கணக்கு அது; அரசாங்கப் புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கும் சபையே அதைக் கண்டித்தது. எதிர்த்தரப்பில் நின்ற பொக்கிஷ இலாகாவோ, விலகத் தீர்மானித்த மாத்திரத்தில் தொழில் மந்தமும், 5 லட்சம் பேருக்கு வேலையிழப்பும் நேருமென்று அச்சுறுத்தியது. 100-க்கு 52 பேர் விலகலுக்கே வாக்களித்தனர். சொன்ன விபத்து உடனே வந்துவிடவில்லை. 2019-ல் பிரதம மந்திரி ஜான்ஸன் பார்லிமெண்டை ஒத்திவைத்தது சட்டவிரோதமென்று சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகளும் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தனர்.

இவற்றையெல்லாம் கண்ட ஜனங்கள் எந்தக் கணக்கை நம்புவார்கள்? நாளை சர்க்கார் மெய்யே பேசினாலும் செவிசாய்ப்பார் இரார். பெரிய நஷ்டம் இதுவே. சர்க்காரின் வாக்கு நாணயம் போன்றது. கள்ள நாணயத்தைப் புழக்கத்தில் விட்டவர்களே, கடைத்தெருவில் நல்ல நாணயமும் செல்லவில்லையென்று புலம்புவது நியாயமாகுமோ?