கடல் கடந்த ஆசிரியரும் தைத்திருநாளும்

பொருள் தேடிக் கடல் கடந்த தமிழரைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். கல்வி வழங்கக் கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. 1974 வரை எத்தியோப்பியாவை ஆண்ட பேரரசர் ஹைலி செலாசியின் காலத்திலேயே அந்நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர் பலர் பணியாற்றினர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாடு புதிய பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது, நம் நாட்டுப் பேராசிரியர்கள் மீண்டும் அங்கே அழைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழரும் உண்டு.

அத்தகைய ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் எழும் வினா ஒன்று உண்டு. தை முதல் நாள் அங்கே விடுமுறை நாளன்று. மற்ற நாட்களைப் போல அதுவும் ஒரு வேலைநாளே. அந்நாளை எவ்வாறு கொண்டாடுவது? சிலர், ஊர் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றனர். சிலர் கதவைச் சாத்திக்கொண்டு தம்மவர் நாலு பேரோடு பொங்கலிட்டு உண்டு கலைகின்றனர். இவ்விரண்டையும் குறை கூற நாம் முன்வரவில்லை. எனினும், ஆசிரியர்க்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே அவர் தொழிலுக்குப் பொருத்தமானது என்பது நம் கருத்து. உடன் பணியாற்றுவோரையும் மாணவரையும் அழைத்து, விழாவின் பொருளை விளக்கி, அவர்களோடு அமர்ந்து உண்பதே அவ்வழி.

இதற்கு எத்தியோப்பிய மண் மிக இசைவானது. அந்நாட்டார்க்கு ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்; புத்தாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிறக்கிறது, சில ஆண்டுகளில் 12ஆம் நாள். நாம் 2007 என எண்ணிய ஆண்டின் செப்டம்பரில்தான் அவர்கள் தம் 2000ஆம் ஆண்டை வரவேற்றனர். நம் முன்னோர் கதிரெழுச்சி தொட்டு நாழிகை கணித்தது போலவே, அவர்களும் விடியலிலிருந்தே மணியை எண்ணுகின்றனர். நமக்குக் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. நம் தை பிறக்கும் நாள் அவர்களுடைய 'தெர்' மாதத்தின் முதல் வாரத்தில் விழுகிறது. மலைநாட்டில் 'தெஃப்' என்னும் சிறுதானியத்தின் அறுவடை பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். அந்நிலத்தை உழுவது இன்றும் பெரும்பாலும் இணைமாடு பூட்டிய ஏரே. மாட்டுப் பொங்கல் என்றால் என்னவென்று அங்குள்ள உழவர் மகனுக்கு நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வேண்டிய பொருள்களும் பெரும்பாலும் கிடைக்கும். கரும்பு தெருவில் விற்கிறது. மஞ்சள் அவர்கள் அடுக்களையிலும் உண்டு. வெண்ணெயை உருக்கி நறுமணப் பொருள் சேர்த்து வைக்கும் வழக்கமும் உண்டு. தலைநகர் அடிஸ் அபாபா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் ஏறக்குறைய 92 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். பானை விரைந்து பொங்கும். அரிசியோ மெல்லத்தான் வேகும். அயல்நாட்டு வாழ்வுக்கே இது உவமையாகும்: ஆரவாரம் எளிதில் வந்துவிடும், பக்குவத்திற்குக் காத்திருக்க வேண்டும்.

விருந்தளிப்பவர் விருந்தினரின் மரபை அறிந்திருத்தல் வேண்டும். எத்தியோப்பியக் கிறித்தவரும் முஸ்லிம்களும் அண்டை வீட்டாராக இணங்கி வாழ்ந்தாலும், ஒருவர் அறுத்த இறைச்சியை மற்றவர் உண்ணாமை நெடுநாளைய வழக்கம். சர்க்கரைப் பொங்கலிலோ இறைச்சியே இல்லை. இருவரும் ஒரே பந்தியில் அமரலாம். ஆனால் பழைமை நெறிக் கிறித்தவர் புதனும் வெள்ளியும் பாலும் நெய்யும் கூடத் தவிர்ப்பர். தை முதல் நாள் அக்கிழமைகளில் வந்தால், அவர்களுக்காகப் பாலும் நெய்யும் சேராத பொங்கலைத் தனியே இடுவதுதான் பண்பாடு. பொங்கலின் பெருமையைப் பேசிவிட்டு, எதிரில் இருப்பவர் உண்ண இயலாததைப் படைப்பது விருந்தாகாது.

இனி, நம்மிடையே எழக்கூடிய தடை ஒன்றைக் கருதுவோம். 'பொங்கல் யாருடைய விழா? அதில் கதிர் வணக்கம் உண்டன்றோ? நம் பிள்ளைகள் அதை அயல்நாட்டில் தம் விழாவென்று சொல்லலாமா?' எனச் சமுதாயப் பெரியோர் கேட்கக்கூடும். அவர்தம் அச்சத்தில் பொருள் உண்டு; அதை எள்ளி நகையாடுதல் தகாது. நாம் கூறும் விடை இது: வழிபாடு அவரவர் நம்பிக்கைக்கு உரியது, நன்றி உண்பவர் அனைவர்க்கும் உரியது. வணங்குவோர் வணங்கட்டும், வணங்காதார் வணங்க வேண்டுவதில்லை. மழைக்கும் விளைச்சலுக்கும் படைத்தவனைப் புகழ்ந்து, உழவனையும் அவன் மாட்டையும் நினைந்து நன்றி சொல்ல எந்தத் தமிழனுக்குத் தடை உண்டு? குறளின் 104ஆம் அதிகாரமாகிய 'உழவு' எச்சமயத்தார் உண்ணும் சோற்றுக்கும் பொருந்துவதாகும். அக்குறளைத் தந்தவரின் நாளாகத் தமிழக அரசு விடுமுறை விடுவதும் தை இரண்டாம் நாளே.

எத்தியோப்பிய மாணவன், 'உங்கள் நாட்டு அறுவடைத் திருநாள் எது?' என்றே கேட்பான். நம் ஆசிரியர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது அவனுக்குத் தெரியாது. 'அது என்னுடையதன்று' என்று ஒரு தமிழ் முஸ்லிம் ஆசிரியர் விலகிக்கொண்டால், அங்கே விட்டுக்கொடுக்கப்படுவது ஒரு விழா மட்டுமன்று. தமிழில் அவருக்குள்ள பங்கும் அதனோடு போகிறது. நோன்புப் பெருநாளைச் சொல்லும் அதே வாயால் தைத்திருநாளையும் சொல்லக் கூடியவரே நம் நாட்டை முழுமையாக அறிமுகம் செய்தவராவார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நம் திருநாளுக்கு அயலார் விடுமுறை தரவேண்டும் என்று கேட்டல் முறையன்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான எத்தியோப்பிய முஸ்லிம்களின் பெருநாட்களே 1974 புரட்சிக்குப் பின்னர்தான் அந்நாட்டில் பொது விடுமுறை நாட்களாயின. சொந்த மண்ணின் மக்கள் அத்துணைக் காலம் காத்திருந்த இடத்தில், விருந்தினர் பொறுமை காத்தலே அழகு. வகுப்பை முடித்துவிட்டு மாலையில் பானை ஏற்றலாம். பொங்கல் இனிக்கவே செய்யும்.

மேலும், அழைப்பவர் அழைப்பை ஏற்கவும் கற்க வேண்டும். அவர்கள் வீட்டில் தரையில் பசும்புல் பரப்பி, விருந்தினர் கண்முன்னே காப்பிக் கொட்டையை வறுத்து இடித்து, மும்முறை பரிமாறுவர். மூன்றாம் சுற்றுக்குப் பெயர் 'பரக்கா'. நாம் 'பரக்கத்' என வழங்கும் அதே சொல்! அந்த மூன்றாம் கோப்பைக்கு முன் எழுந்துவிடாமல் அமர்ந்திருக்கத் தெரிந்தவர்க்கே, தம் வீட்டுப் பொங்கலுக்கு அவர்களை அழைக்கும் தகுதி வாய்க்கிறது.

கி.பி. 615ஆம் ஆண்டளவில் நபித்தோழர் சிலர் அடைக்கலம் தேடிச் சென்ற ஹபஷா நாடு இதுவே. வந்தவரின் நம்பிக்கை யாதெனக் கேட்டறிந்து, அவர்களை அவர்களாகவே வாழவிட்டவர் அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி. தம்மை மறைத்துக்கொள்ளாத விருந்தினரும், அவரைச் செவிமடுத்த விருந்தோம்புநரும் அன்றே அம்மண்ணில் இருந்தனர்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை அயல்நாட்டு வகுப்பறையில் கரும்பலகை முன் நிற்பீர்கள். பாடநூலோடு உங்கள் திருநாளையும் கொண்டு செல்லுங்கள். அதன் பொருளைக் கேட்பவர்க்குத் தெளிவாகச் சொல்லும் அளவிற்கு இங்கிருக்கும்போதே கற்றுச் செல்லுங்கள். அதைக் கற்பிக்க வேண்டியது தமிழ்த்துறையின் கடமை. தடுக்காமல் வாழ்த்தி அனுப்ப வேண்டியது பெரியோர் கடமை.