முதலையும் நான் வாங்கின பல்பும்

ஆணி அதிகமா இருந்ததால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. இன்னிக்கு எழுத உக்காந்ததுக்குக் காரணம் தங்கமணி. சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல யாரோ என்னமோ அனுப்பியிருந்தாங்க. நான் "இது ஃபேக்"னு டைப் பண்ணப் போனேன். பின்னாடியிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு: "முதலை". கையை எடுத்துட்டேன்.

அந்த முதலைக் கதையை மொதல்ல சொல்லிடறேன்.

பேட் நியூஸ்னு ஒரு இணைய விளையாட்டு இருக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் ஒரு நெதர்லாந்துக் குழுவும் சேர்ந்து 2018ல் வெளியிட்டது. இதுல நாமதான் வில்லன். பொய்ச்செய்தி போட்டு ஆள் சேக்கணும். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைக் கிளப்புறது, ரெண்டு கோஷ்டியா பிரிக்கிறது, சதிக்கதை கட்டுறது, கேள்வி கேக்குறவன் பேரைக் கெடுக்கிறது, வம்பிழுக்கிறதுன்னு மொத்தம் ஆறு வித்தை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேட்ஜ். திருடனா நடிச்சுப் பாத்தவனுக்குத் திருட்டு சுலபமா புரியும்ங்கிற கணக்கு. தடுப்பூசி மாதிரின்னும் சொல்வாங்க.

ஆறு பேட்ஜும் வாங்கிட்டேன். அன்னிலேருந்து குடும்ப குரூப்புல நான்தான் நாட்டாமை. யார் என்ன அனுப்பினாலும் "ஃபேக்". முக்கால்வாசி நேரம் அது சரியாவும் இருந்துச்சு, அதான் வினை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கூடுவாஞ்சேரியில கரண்ட் இல்ல, பால் இல்ல. போன்ல மிச்சம் பன்னண்டு பர்சன்ட் சார்ஜ். பெருங்களத்தூர்ல இருக்கிற மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். ராத்திரி மழையில ரோட்டைத் தாண்டிப் போகுது ஒரு முதலை. "மாப்ள, இது நெடுங்குன்றம் ரோடுன்றாங்க. நெசமா? பால் வாங்க அந்தப் பக்கம்தான் போகணும்."

எனக்கு உடனே 2015 வெள்ளம் ஞாபகம் வந்துச்சு. அப்பவும் இதே கதைதான். ஈசிஆர் வடநெம்மேலி முதலைப் பண்ணையிலேருந்து முதலையெல்லாம் தப்பிச்சிருச்சுன்னு ஊரெல்லாம் பரவி, ஒண்ணுகூடத் தப்பிக்கலன்னு பண்ணைக்காரங்களே மறுப்பு சொல்ல வேண்டியதாப் போச்சு. அதனால யோசிக்கவே இல்ல. "பழைய டுபாக்கூர் மச்சான். தைரியமா போங்க"ன்னு அனுப்பிட்டேன்.

அவரும் பொண்ணைக் கூட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில போயிட்டார்.

கொஞ்ச நேரத்துல தமிழக அரசின் சுற்றுச்சூழல் துறைச் செயலர் சுப்ரியா சாகு போட்ட பதிவு கண்ணுல பட்டுச்சு. சென்னையில சில நீர்நிலைகள்ல நன்னீர் முதலைகள் இருக்கு, அதுங்க கூச்ச சுபாவம், நெருங்காம இருந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு. அப்போ வீடியோ நிஜம்! போன் போட்டா மச்சானுக்கு டவர் இல்ல. ரெண்டு மணி நேரம். தங்கமணி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கடைசியில "பால் கிடைக்கல மாப்ள"ன்னு அவர் குரல் கேட்டப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

தப்பு என்னோடது, விளையாட்டைக் குத்தம் சொல்லல. ஆனா அப்புறம் தேடிப் படிச்சப்ப ஒண்ணு தெரிஞ்சுது. இந்தத் தடுப்பூசி விளையாட்டுகளைப் பத்தின பழைய ஆய்வுகளோட தரவுகளை எடுத்து 2023ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டிருக்காங்க. விளையாடினவங்க பொய்யை அதிகமா சந்தேகப்பட்டாங்க, சரி. உண்மைச் செய்தியையும் சேத்தே சந்தேகப்பட்டிருக்காங்க! பிரிச்சுப் பாக்கிற திறமை கூடல, அவநம்பிக்கைதான் கூடியிருக்கு. அச்சு அசலா நான்.

இதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. நம்பினதால என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். 2018 மே மாசம், பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்சப்புல பரவின வதந்தியை நம்பி, சென்னையிலேருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மாவைப் போளூர் பக்கத்துல அடிச்சே கொன்னாங்க. குழந்தைக்குச் சாக்லேட் குடுத்ததுதான் அவங்க செஞ்சது. ஆனா எதையும் நம்பாம இருக்கிறது அதுக்கு மருந்து இல்ல. ஏரி திறக்கப் போறாங்கன்னு வர்ற நிஜமான எச்சரிக்கையையும் "ஃபார்வர்டு"ன்னு தள்ளிவிட்டா, தண்ணி வீட்டுக்குள்ள வரும்போதுதான் தெரியும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்ல.

அப்போ என்னதான் செய்றது? எனக்குத் தோணுறது இதுதான். பொய்யை மட்டும் காட்டிப் பழக்கக் கூடாது. உண்மையும் பொய்யும் கலந்து குடுக்கணும். உண்மையைப் பொய்னு சொன்னாலும் மார்க் குறையணும்.

அப்புறம் ஒரு நாள் கூத்து வேலைக்காகாது. 2019 தேர்தல் சமயத்துல பீகார்ல வீடு வீடாப் போய் ஒரு மணி நேரம் சொல்லிக்குடுத்துப் பாத்தாங்க, ஒட்டுமொத்தமா பெரிய பலன் இல்ல. அதே பீகார்ல பின்னாடி பள்ளிப் பிள்ளைங்களுக்குச் சில மாசம் பரவலா வகுப்பா நடத்தினாங்க. 13,000 பேருக்கு மேல கலந்துக்கிட்ட ஆய்வு அது. பசங்க எது நிஜம் எது பொய்னு பிரிக்கிறது மேம்பட்டுச்சு, மாசக்கணக்குல நிலைச்சும் இருந்துச்சு. கேரளாவுல கண்ணூர் மாவட்டம் 2018லயே அரசுப் பள்ளிகள்ல இந்தப் பாடத்தை ஆரம்பிச்சிருச்சு. நம்ம பள்ளிகள்லயும் வாரம் ஒரு பீரியட் இதுக்கு ஒதுக்கினா ஒண்ணும் குறைஞ்சுடாது.

பெரியவங்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். செய்தியையே உத்துப் பாத்து முகராசி சொல்லாதீங்க. அதை விட்டு வெளிய வாங்க. வேற யார் சொல்றாங்கன்னு தேடுங்க. வீடியோவுல ஒரு காட்சியைப் படமா எடுத்து கூகுள்ல போட்டா, பழசா இருந்தா பல நேரம் காட்டிக் குடுத்துடும். நெடுங்குன்றம் ஏரியில முதலை இருக்கிறது பேப்பர்ல ஏற்கெனவே வந்த விஷயம்தான். நான் ரெண்டு நிமிஷம் தேடியிருந்தா போதும். அதுக்குக்கூட சார்ஜ் இல்லன்னா, "தெரியல மச்சான், பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு சொல்லியிருக்கலாம். ஆறு பேட்ஜ் வாங்கினவனுக்கு "தெரியல"ங்கிற வார்த்தை வாய்ல வரல பாருங்க.

டிஸ்கி: இன்னிக்கு குரூப்புல வந்ததைத் தேடிப் பாத்தேன். அது ஃபேக்தான். தங்கமணிகிட்ட சொன்னேன். "சரி, இப்ப டைப் பண்ணுங்க"ன்னாங்க.